பாரச் சரக்கும் அபாயப் பொருள்களும்: வண்டியில் கொண்டுசெல்லும் முறை

தை மாதம் பிறந்துவிட்டால் நமது கிராமச் சாலைகளில் வண்டிகளின் நடமாட்டம் பன்மடங்கு பெருகிவிடுகின்றது. களத்திலிருந்து நேரடிக் கொள்முதல் நிலையத்திற்கு நெல் மூட்டைகள் செல்கின்றன; ஆலைக்குக் கரும்பு செல்கின்றது; கால்நடைகளுக்கு வைக்கோல் செல்கின்றது. திரும்பி வரும் வண்டி வெறுமனே வருவதில்லை. யூரியாவும், பூச்சிமருந்தும், டீசல் கேன்களும், சில சமயம் வீட்டிற்கு வேண்டிய அரிசியும் பருப்பும் சேர்ந்தே வருகின்றன. மாட்டு வண்டி ஏற்றிய பாரம் ஏறக்குறைய ஒரு டன்; அது நடந்த வேகம் மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர். இன்று டிராக்டரும் லாரியும் அதனினும் பல மடங்கு பாரத்தைப் பல மடங்கு வேகத்தில் இழுத்துச் செல்கின்றன. பாரம் ஏற்றுகின்ற பழக்கம் மட்டும் பல ஊர்களில் மாட்டு வண்டிக் காலத்துப் பழக்கமாகவே இருந்து வருகின்றது. அதனால் விளையும் அபாயங்களையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் விவசாயிகளும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

முதலில் டிராக்டரைக் கவனிப்போம். டிராக்டரில் இடப்பக்கத்துப் பின் சக்கரத்திற்கு ஒன்றும், வலப்பக்கத்துச் சக்கரத்திற்கு ஒன்றுமாக இரண்டு பிரேக் மிதிகள் உள்ளன. வயலில் உழும்போது வரப்பு ஓரத்தில் குறுகிய இடத்தில் திரும்புவதற்காக இவ்வாறு தனித்தனியே அமைத்திருக்கிறார்கள். சாலையில் ஏறும்போது இவ்விரண்டு மிதிகளையும் இணைக்கும் கொண்டியைப் பூட்டிவிட வேண்டும். பூட்டாமல் விட்டு, அவசரத்தில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால் ஒரு சக்கரம் நிற்கும், மற்றொன்று ஓடும். டிராக்டர் சட்டென்று ஒருபக்கம் திரும்பும். பின்னாலுள்ள பாரம் அதைத் தள்ளிக் கவிழ்த்துவிடும். ஒரு விநாடியில் முடியும் வேலை இது. உழவு முடிந்து வயலிலிருந்து நேரே சாலைக்கு வரும் டிராக்டர்களில் இது மறந்துபோவது மிகச் சாதாரணம்.

பெரும்பாலான டிரெய்லர்களுக்குச் சொந்தமாகப் பிரேக் கிடையாது. பாரம் முழுவதையும் நிறுத்தும் பொறுப்பு டிராக்டரின் இரண்டு சக்கரங்களையே சேர்கின்றது. வேகம் இரு மடங்கானால் நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றது. ஆகவே, ஆற்றுப் பாலத்துச் சரிவிலும் ஏரிக்கரை இறக்கத்திலும் கியரை நழுவவிட்டு வண்டியை ஓடவிடுவது எண்ணெய் மிச்சம் என்று கருதுவோர் தம் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். இறக்கம் தொடங்கு முன்னரே குறைந்த கியருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பாரத்தை அடுக்குவதிலும் ஒரு கணக்கு உண்டு. இரு சக்கர டிரெய்லரில் பின்பக்கம் பாரம் மிகுந்தால் முன்பக்கத்து இணைப்பு மேலே தூக்கும். அப்போது டிராக்டரின் பின் சக்கரங்கள் தரையில் பிடிமானம் இழந்துவிடும். முன்பக்கம் அளவுக்கு மீறிப் பாரம் சேர்ந்தாலோ, மேட்டில் ஏறும்போது டிராக்டரின் மூக்கு மேலே எழும்பும். அச்சின் மேல் பெரும் பாரமும், அதற்குச் சற்று முன்னே எஞ்சியதும் அமைவதே முறை. கனமான மூட்டைகள் அடியிலும் இலேசானவை மேலுமாக அடுக்க வேண்டும். இணைப்பு ஊசிக்குப் பூட்டுக் கொக்கியும், அது முறிந்தால் தாங்குவதற்கு ஒரு சங்கிலியும் தேவை. ஆணியையும் கம்பியையும் ஊசிக்குப் பதிலாகச் செருகி ஓட்டுவதை எந்த ஊரிலும் காணலாம்.

கோடையில் பஞ்சாயத்துகள் குடிநீர் வழங்கும் டாங்கர்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நிறைந்த டாங்கரைவிடப் பாதி நிறைந்த டாங்கரே அதிக அபாயமானது. வளைவில் திரும்பும்போது தண்ணீர் முழுவதும் ஒருபக்கம் சாய்ந்து வண்டியைக் கூடவே சாய்க்கும். பிரேக் போட்டால் முன்னே பாய்ந்து தள்ளும். டாங்கருக்குள் குறுக்குத் தகடுகள் வைத்திருந்தால் இந்த அலைப்பு அடங்கும். டாங்கரை வாங்கும்போதோ வாடகைக்குப் பேசும்போதோ குறுக்குத் தகடு உண்டா என்று கேட்பது பஞ்சாயத்தின் கடமை. மூன்று தெருக்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுச் செல்லும் வண்டி, நடுவில் பாதி டாங்கருடனேயே அதிக நேரம் ஓடுகின்றது என்பதை ஓட்டுநருக்கு நினைவூட்டுதல் நலம்.

வைக்கோல் பாரம் தனியே பேசத் தக்கது. எடை குறைவு, இடம் அதிகம் என்பதால் வண்டிக்கு வெளியே நாற்புறமும் பிதுங்க, வானளாவ ஏற்றுகிறார்கள். தெருவின் குறுக்கே செல்லும் சாதாரண மின்கம்பி தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டுமென்பது விதி. ஆனால் கம்பங்கள் சாய்ந்து, கம்பிகள் தொய்ந்து நிற்கும் இடங்கள் பல. கம்பி உரசித் தீப்பொறி விழுந்தால் காய்ந்த வைக்கோல் பற்றிக்கொள்ளச் சில நொடிகளே போதும். ஓட்டுநருக்குப் பின்னால் எரிவது தெரிவதில்லை. ஓடும் காற்றோ தீயை வளர்க்கின்றது. மேலே ஆள் உட்கார்ந்து, கொம்பால் கம்பியைத் தூக்கிவிட்டுக் கொண்டே போவது சில ஊர்களில் வழக்கமாகவே இருந்து வருகின்றது. பச்சைக் கொம்பு மின்சாரத்தைக் கடத்தும். இந்த வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். அறுவடைக்கு முன்பே ஊரைச் சுற்றி வந்து, தொய்ந்த கம்பிகளைக் குறித்து மின்வாரியத்திற்கு எழுத்து மூலம் தெரிவிப்பது வார்டு உறுப்பினர் ஒரு மாலைப் பொழுதில் முடிக்கக்கூடிய காரியம்.

சட்டமும் இதில் கடுமையாகவே உள்ளது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திற்கு 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் ரூ.20,000 அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000 வீதமும் செலுத்த வேண்டும். வண்டியின் பக்கவாட்டிலோ முன்பின்னோ அனுமதித்த உயரத்திற்கு மேலோ சரக்கு நீட்டிக்கொண்டிருந்தாலும் ரூ.20,000 அபராதம் உண்டு. அதிகப் பாரத்தை இறக்கிய பின்னரே வண்டி நகர முடியும். ஒரு நடையை மிச்சப்படுத்த எண்ணி ஒரு போக லாபத்தை இழப்பதில் என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கின்றது?

இனி, அபாயப் பொருள்களுக்கு வருவோம். உணவுப் பொருளையும் நஞ்சையும் ஒரே வண்டியில் ஏற்றுவதால் என்ன நேரும் என்பதற்கு நம் பகுதியிலேயே ஒரு துயரச் சான்று உண்டு. 1958ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை ராஜ்யத்திலும் பலர் உணவருந்திய சிறிது நேரத்தில் மயங்கி விழுந்தனர். கேரளத்தில் மட்டும் நூறு பேருக்கு மேல் மாண்டனர். அவர்கள் உண்டது கோதுமை மாவினால் செய்த பண்டங்கள். கப்பலில் வந்தபோது, அம்மாவு பாரத்தியான் என்னும் பூச்சிமருந்துடன் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தது. மருந்து கசிந்து மாவு மூட்டைகளில் ஊறிவிட்டது. இதனை ஆராய அரசாங்கம் விசாரணைக் கமிஷன் ஒன்றை நியமித்தது. அதன் விளைவாகவே 1968ஆம் ஆண்டு பூச்சிமருந்துச் சட்டமும், 1971ஆம் ஆண்டு அதன் விதிகளும் பிறந்தன. உணவுப் பொருளோடும் கால்நடைத் தீவனத்தோடும் நேரடியாகப் படும்படி எந்தப் பூச்சிமருந்தையும் கொண்டுசெல்லவோ வைத்திருக்கவோ கூடாதென்று அவ்விதிகள் தெளிவாகக் கூறுகின்றன.

அன்று கப்பலில் நடந்தது இன்று நமது டிரெய்லரிலும் சிற்றுந்தின் கூரையிலும் நடக்கக்கூடியதே. சாக்கு திரவத்தை உறிஞ்சும். உறிஞ்சியதை வெளியே காட்டாது. புட்டியின் மூடி சற்றுத் தளர்ந்திருந்தால் போதும், மேட்டுப்பள்ளச் சாலை மற்றதைச் செய்துவிடும். தவிட்டு மூட்டையில் ஊறினால் மாடு மடியும்; அரிசியில் ஊறினால் குடும்பமே மடியும். எனவே பூச்சிமருந்தை மூடியுள்ள தனிப் பெட்டியில், நிமிர்த்தி வைத்து, அசையாதபடி சுற்றிலும் அடைத்துக் கொண்டுவர வேண்டும். ஓட்டுநர் இருக்கும் அறையில் வைக்கலாகாது; நஞ்சின் ஆவியை அவரே சுவாசிக்க நேரும். மருந்து ஏற்றிய வண்டியைக் கழுவி உலர்த்தாமல் அடுத்த நடைக்கு நெல் ஏற்றக்கூடாது. கழுவிய நீர் குளத்திற்கோ வாய்க்காலுக்கோ செல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வழியில் மருந்து சிந்திவிட்டால் தண்ணீர் ஊற்றி விரட்டாமல், மண்ணோ மரத்தூளோ தூவி உறிஞ்சச் செய்து, அள்ளி, குடிநீர்க் கிணற்றுக்கு எட்டாத இடத்தில் சேர்க்க வேண்டும். யார் மேலாவது பட்டால் துணியைக் களைந்து, சோப்பு நீரால் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

காலியான புட்டிகளும் டப்பாக்களும் குறைந்த அபாயம் உடையவை அல்ல. 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் பீகாரின் சாரண் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் மதிய உணவில் பூச்சிமருந்து கலந்து 23 குழந்தைகள் இறந்தனர். அந்த நஞ்சு சமையல் எண்ணெய் வழியாக வந்தது.

பஞ்சாயத்துகள் குடிநீருக்காக வாங்கும் பிளீச்சிங் பவுடரிலும் கவனம் வேண்டும். இதனை அமிலத்துடன் ஏற்றினால், கசிவில் குளோரின் வாயு கிளம்பும். எண்ணெய், டீசல், யூரியா இவற்றுடன் கலந்தால் தீயோ வெடிப்போ உண்டாகலாம். மழையில் நனையாமல் தார்ப்பாயால் மூடித் தனியே கொண்டுவருவதே ஒழுங்கு. கிணறு வெட்டுவோர் வெடிமருந்தையும் டெட்டனேட்டரையும் ஒரே பையில் போட்டு இரு சக்கர வண்டியில் கொண்டுபோவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உரிமம் பெற்றவர், உரிய வண்டியில் மட்டுமே அவற்றைக் கொண்டுசெல்லலாம்.

நமது ஊர் வழியாகப் பிறருடைய அபாயச் சரக்கும் செல்கின்றது. நெடுஞ்சாலையோரத்துக் கிராமத்தார் டாங்கர் லாரிகளை நாள்தோறும் காண்கிறார்கள். அவற்றின் பின்னும் பக்கவாட்டிலும் ஒரு பலகை இருக்கும். அதிலுள்ள நான்கு இலக்க எண் சரக்கின் பெயரைச் சொல்லும். 1203 என்றால் பெட்ரோல், 1202 டீசல், 1075 சமையல் எரிவாயு, 1017 குளோரின். விபத்து நேர்ந்தால் தொலைவில் நின்றபடியே இவ்வெண்ணைப் படித்துத் தீயணைப்புத் துறைக்கு 101 என்ற எண்ணிலோ, பொது அவசர எண்ணாகிய 112இலோ சொல்லிவிட்டால், வருகிறவர்கள் தக்க சாதனங்களுடன் வருவார்கள்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு பரவி, பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கி, தொலைவிலுள்ள அடுப்பைத் தேடிச் செல்லும். கேரளத்தில் கண்ணூரை அடுத்த சாலா என்னுமிடத்தில் 2012 ஆகஸ்டு மாதம் டாங்கர் கவிழ்ந்து, கசிந்த வாயு தீப்பற்றி 20 பேர் இறந்தனர். 2025 ஜனவரி 3ஆம் தேதி கோயம்புத்தூர் அவிநாசி சாலை மேம்பாலத்தில் எரிவாயு டாங்கர் ஒன்று கவிழ்ந்தபோது உயிர்ச்சேதம் ஏதும் ஏற்படவில்லை. சாலையை அடைத்து, சுற்றிலுமுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, கசிவை அடைத்து வண்டியை அப்புறப்படுத்தினார்கள். இத்தகைய சமயத்தில் காற்று வரும் திசையை நோக்கி விலகிச் செல்ல வேண்டும், அடுப்பை அணைக்க வேண்டும், மின்விசையைப் போடவோ நிறுத்தவோ கூடாது, வண்டிகளைக் கிளப்பக்கூடாது.

கவிழ்ந்த பெட்ரோல் லாரியைக் கண்டதும் குடத்துடன் ஓடுவோர் உண்டு. 2017 ஜூன் 25ஆம் தேதி, பாகிஸ்தானின் பஹாவல்பூர் பகுதியில், ஈகைத் திருநாளுக்கு முந்திய நாளன்று, அவ்வாறே ஒரு டாங்கர் கவிழ்ந்தது. அக்கம்பக்கத்துக் கிராமத்தார் பாத்திரங்களுடன் கூடி எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தனர். திடீரென்று தீப்பற்றியது. இருநூறு பேருக்கு மேல் உயிரிழந்தனர். அவர்கள் ஏழை விவசாயக் குடும்பத்தினர், குற்றவாளிகள் அல்லர். பெட்ரோலின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிலும் பரவி நிற்கும் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே எவரும் சொல்லியிருக்கவில்லை போலும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இந்த நான்கு எண்களையும், 101, 112 என்ற இரண்டையும் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கத் தீர்மானிக்கலாம். செலவு ஒரு டப்பா வர்ணம்.