‘கிவ் அப்’ என்றால் கைவிடுவது மட்டும்தானா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. தமிழ்ப் பள்ளிக்குக் கிளம்பும் நேரம். என் பதினான்கு வயது மகள் சப்பாத்துக்கூடப் போடாமல் வாசலில் நின்று சொன்னாள்: “அப்பா, நான் தமிழ் கிளாஸை கிவ் அப் பண்ணப் போறன்.”

எனக்குச் சுருக்கென்றது. ‘கிவ்’ என்றால் கொடு. ‘அப்’ சேர்ந்ததும் அது ‘கைவிடு’ என்றுதான் என் காதில் விழுந்தது. இருபது வருடம் லண்டனில் இருந்தும் இந்தச் சொல்லுக்கு நான் ஒரே அர்த்தம்தான் வைத்திருந்தேன்.

யோசித்துப் பார்த்தால் அதற்குப் பல முகங்கள். சிகரெட்டை நிறுத்துவதும் ‘கிவ் அப்’. விடுகதைக்கு விடை தெரியாமல் தோல்வியை ஒத்துக்கொள்வதும் அதே. டியூப் ரயிலில் கர்ப்பிணிப் பெண்ணுக்கு எழுந்து இடம் கொடுப்பதும் அதேதான். உட்கார இடம் தேவைப்படுவோர் சட்டையில் குத்திக்கொள்ள, 2017 முதல் லண்டன் போக்குவரத்து நிறுவனம் இலவசமாக ஒரு ‘பேட்ஜ்’ கொடுக்கிறது. அதைப் பார்த்து எழும்புகிறவர் எதையும் கைவிடவில்லை. விட்டுக்கொடுக்கிறார்.

தமிழில் கைவிடுவது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ஒரே சொல். ஆனால் ‘ஒன்’ என்ற சின்னச் சொல்லைப் பின்னால் ஒட்டி, ஓர் ஆளைச் சொன்னால் கதையே மாறிவிடும். ஒரு வகுப்பை ‘கிவ் அப்’ பண்ணினால் அதை நிறுத்துகிறோம். ஒருவரை ‘கிவ் அப் ஒன்’ பண்ணினால், இனி இவர் தேறமாட்டார் என்று நம்பிக்கையை விட்டுவிடுகிறோம்.

அன்று நான் கத்திவிட்டேன். “உனக்கு இனித் தமிழ் வராது, விடு!”

அவள் அழவில்லை. மெதுவாகச் சொன்னாள்: “கிளாஸைத்தான் விடுறன், தமிழை இல்லை. டோன்ட் கிவ் அப் ஒன் மீ, அப்பா.”

பிறகுதான் உட்கார்ந்து காரணம் கேட்டேன். வாசிப்பு மட்டம் குறைவென்று எட்டு வயதுப் பிள்ளைகளோடு இருத்தியிருக்கிறார்கள். வெட்கம். இரண்டு வருடமாக அதை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவோடு வீடியோவில் ஒரு மணி நேரம் கதைக்கிறாள். அவ கேட்க, ஒரு பக்கம் வாசித்தும் காட்டுகிறாள். தட்டுத்தடுமாறித்தான். இது வகுப்புக்கு ஈடாகுமா? எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

உங்கள் பிள்ளையும் ஒருநாள் ‘கிவ் அப்’ என்று வந்து நிற்கலாம். கோபப்பட முதல், எதை விடப்போகிறாய், ஏன் என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.