தெருநாய் வயிற்றில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா: அது எங்கிருந்து வந்தது?

நெல்லை வண்ணார்பேட்டையில் மேம்பாலத்தைச் சுற்றி மருத்துவமனைகள், ஓட்டல்கள், எந்நேரமும் பஸ் ஏறும் கூட்டம். பக்கத்திலேயே தாமிரபரணி. குப்பை சேரும் இடங்களில் தெருநாய்கள். நாய் என்றாலே நமக்கு ரேபிஸ்தான் ஞாபகம் வரும். ஆனால் ஆன்டிபயாட்டிக் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களையும் நாய்கள் சுமக்கின்றன என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன.

நாய்க்கு யார் மாத்திரை கொடுத்தது?

யாரும் கொடுக்கலை. மருந்தைத் தாங்கும் மரபணுவை ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருக்கும் இன்னொன்றுக்குக் கடத்திவிடும். சாக்கடை, இறைச்சிக் கழிவு, மருத்துவக் கழிவு ஆகியவற்றில் நாய் வாய் வைக்கும்போது, இ.கோலை போன்ற கிருமிகள் அதன் குடலுக்குப் போகின்றன. பெரும்பாலும் நாய்க்கு நோய் எதுவும் வராது. எச்சத்தில் கிருமி வெளியேறி, மழைநீரோடு கலக்கும்.

கிருமி தெருவுக்கு வந்தது எப்படி?

வலிமையான மருந்துகளையும் செயலிழக்க வைக்கும் ‘என்.டி.எம்-1’ மரபணு, சென்னை, ஹரியானா நோயாளிகளிடம் இருந்ததை 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அடுத்த ஆண்டே டெல்லியின் குழாய்த் தண்ணீரிலும், தெருவில் தேங்கிய நீரிலும் அதே மரபணு சிக்கியது. அதாவது, ஆஸ்பத்திரிக்கு வெளியேயும் அது பரவியிருந்தது.

நெல்லைக்கும் இதில் பாடம் உண்டு. 2024 டிசம்பரில் கோடகநல்லூர், நடுக்கல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவக் கழிவுகள் கொட்டப்பட்டிருந்தன. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகே லாரிகளில் அள்ளிச் செல்லப்பட்டன.

நமக்கு எப்படி வரும்?

கடி, புண்ணை நாய் நக்குவது, எச்சம் பட்ட கையைக் கழுவாமல் சாப்பிடுவது ஆகியவை வழிகள். அமெரிக்காவில் 2016 முதல் 2018 வரை, கடைகளில் விற்ற நாய்க்குட்டிகளிடமிருந்து 100-க்கும் மேற்பட்டோருக்கு, பல மருந்துகளுக்கு அடங்காத கேம்பிலோபாக்டர் கிருமி தொற்றியது.

கடித்தால் என்ன செய்யணும்?

சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றே ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் ரேபிஸ் தடுப்பூசி போடுங்கள். ரேபிஸ் ஒரு வைரஸ். அதை ஆன்டிபயாட்டிக் தடுக்காது. புண்ணில் வீக்கமோ சீழோ வந்தால், மெடிக்கலில் தானா மாத்திரை வாங்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். சீழைப் பரிசோதித்தால் எந்த மருந்து கேட்கும் என்பது தெரியும்.

நாயைப் பிடித்தால் போதுமா?

மருத்துவமனை, பள்ளி, பஸ் நிலைய வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்ற 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கடி குறையலாம். ஆனால் குப்பை அப்படியே கிடந்தால் எலி, காக்கை, மாடு அதே கிருமியைச் சுமக்கும்.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தொற்றால் 2019-ல் மட்டும் உலகில் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் ஆய்வு மதிப்பிட்டது. மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. மிச்ச மாத்திரையைக் குப்பையிலோ சாக்கடையிலோ போடவும் கூடாது. தெருநாய் வாய் வைப்பது நாம் போட்ட குப்பையில்தான்.