மார்கழிக் குளிரில் பரங்கி: விதை அழுகாமல் முளைக்க என்ன வழி?

கார்த்திகை மழை ஓய்ந்ததும் செல்லிப்பட்டு, சங்கராபரணி ஆற்றங்கரை நிலங்களில் பரங்கி ஊன்றத் திட்டமிடுகிறீர்களா? ஊன்றிய விதையில் பாதி முளைக்காமல் போனால் விதைச் செலவு மட்டுமா நஷ்டம்? மறுபடி ஊன்றுவதற்குள் பத்து, பதினைந்து நாள் பருவமும் கைநழுவிவிடும்.

பரங்கி வெப்பம் விரும்பும் பயிர். மண் வெதுவெதுப்பாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். குளிர்ந்த மண்ணில் மழை ஈரமும் தேங்கினால் முளைப்பு தள்ளிப்போய், விதை அழுகும். அதற்காக வெயில் காலம்வரை காத்திருக்கவும் வேண்டாம். வெப்பம் கூடக் கூட ஆண் பூக்கள்தான் பெருகும். பகல் குறைந்த, மிதமான குளிர் நாட்களில் பெண் பூக்கள் அதிகம் வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஆடியை ஒட்டிய பருவத்துடன் டிசம்பர் – ஜனவரியையும் பரிந்துரைக்கிறது.

நகரக் கடைகளில் விற்கும் ‘பட்டர்நட்’ பூசணி நம் பரங்கியின் இனம்தான். உறைபனி விழும் நாடுகளில் அதன் விதையை வீட்டுக்குள் முளைக்க வைத்து, பனி விலகிய பிறகே வயலில் நடுகிறார்கள். நீங்களும் இதைச் செய்யலாம். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் குழிக்கு ஒரு விதை ஊன்றுங்கள். காலை வெயில் படும் இடத்தில், மழை நனையாமல் வையுங்கள். 12 முதல் 15 நாளில், வேர்க்கட்டி உடையாமல் எடுத்து நடுங்கள்.

நேரடியாக ஊன்றுவதானால் 2 மீட்டர் இடைவெளியில், ஓரடி நீள, அகல, ஆழக் குழி எடுங்கள். ஏக்கருக்கு ஏறக்குறைய 1,000 குழி வரும். 400 கிராம் விதை போதும். குழிக்கு 10 கிலோ தொழு உரம் இட்டு, மண்ணைச் சற்று மேடாக்கி 5 விதை ஊன்றுங்கள். 15 நாள் கழித்து நல்ல செடி இரண்டை மட்டும் விட்டு மற்றதைக் களையுங்கள். தண்ணீரைக் காலையில், இலை நனையாமல் விடுங்கள். பனி ஈரத்தோடு இந்த ஈரமும் சேர்ந்தால் அடிச்சாம்பல் நோய் வரும். கந்தகத் தூள் தூவாதீர்கள். பரங்கி இலை கருகும்.

கோலத்துக்குப் பூப் பறிக்கும்போது கவனம் தேவை. அடியில் பிஞ்சு இருப்பது பெண் பூ, அதைத் தொடாதீர்கள். ஆண் பூவையும் ஒட்டப் பறித்துவிட்டால் மகரந்தம் கிடைக்காமல் பிஞ்சு வெம்பி உதிரும். தேனீ வரும் காலை நேரத்தில் மருந்து அடிக்காதீர்கள்; மாலையில் அடியுங்கள்.

கோ 2 ரகம் 135 நாள் பயிர். காய் ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும். சிறு குடும்பங்கள் முழுக்காயாக வாங்க ஏற்றது. நகம் இறங்காத அளவுக்குத் தோல் கெட்டியாகி, காம்பு காய்ந்த பிறகு, இரண்டு அங்குலக் காம்போடு அறுங்கள். அடிபடாத காயைக் காற்றோட்டமான நிழலில் பரப்பினால் இரண்டு, மூன்று மாதம் தாங்கும். விலை இறங்கிய அன்றே வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை.

விதை, உயிர் மருந்து குறித்து உங்கள் பகுதி உழவர் உதவியகத்திலோ, குரும்பாபேட் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டறியலாம். இந்த ஆண்டு பத்துக் குழிக்காவது நாற்று விட்டு நட்டு, நேரடியாக ஊன்றியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.