கதிர் மருத்துவமும் கண்ணின் காவலும்

மருத்துவர்கள் மிகக் கொடியவை என்று எண்ணும் வலிகளுள் ஒன்று முகத்தில் வருவது. முகம் கழுவும்போதும், பல் துலக்கும்போதும், ஒரு வாய்ச் சோறு மெல்லும்போதும் மின்னல் வெட்டியதுபோல் கன்னத்திலோ தாடையிலோ அது பாயும், சில நொடிகளில் அல்லது ஓரிரு நிமிடங்களில் நிற்கும், மீண்டும் வரும். ஐம்பது வயதைக் கடந்தவர்களையே, அவர்களுள்ளும் பெண்களையே, மிகுதியாகப் பற்றும். பல்வலி என்றெண்ணி நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்ட நோயாளிகள் எந்நாட்டிலும் உளர்.

இந்நோயைக் கதிர்களைக் கொண்டு தணிக்கும் முறை ஒன்று உண்டு. தலையைத் திறக்க வேண்டாததால், பெரிய அறுவையைத் தாங்க இயலாத முதியவர்க்கும் அது ஏற்றது. ஆயினும், 'தலைக்குள் கதிர் பாய்ச்சினால் கண் கெட்டுவிடாதா?' என்னும் ஐயம் எழுவது இயல்பு. அவ்வையம் பொருளற்றதன்று. அதற்கு விடை காண்போம்.

எந்த நரம்பு?

பேச்சு வழக்கில் இதை 'முக நரம்பு வலி' என்கிறோம். ஆசிரியர்கள் இங்கே ஒரு வேறுபாட்டை அறிதல் நலம். மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளுள் ஏழாவதுக்கே முக நரம்பு என்று பெயர். அது முகத்தின் தசைகளை இயக்குவது. இவ்வலிக்கு உரியது ஐந்தாம் நரம்பு. அது மூன்று கிளைகளாகப் பிரிவதால் முக்கிளை நரம்பு எனலாம். முதற்கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், இரண்டாவது கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் உணர்வு தருவன. கண்ணின் உணர்வும் இந்நரம்பைச் சார்ந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

பெரும்பாலோருக்கு, இந்நரம்பின் வேரில் ஓர் இரத்தக் குழாய் அழுந்தித் துடிப்பதே நோயின் காரணம். முதலில் மாத்திரை கொடுப்பர். மாத்திரை பயன் தராதபோதும், அதனை உடல் ஏற்காதபோதும் அறுவையையோ கதிரையோ நாடுவர்.

ஊர் கூடி இழுக்கும் தேர்

சுவீடன் நாட்டு மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951இல் 'கதிர் அறுவை' என்னும் கருத்தை வெளியிட்டார். எக்ஸ் கதிரைக் கொண்டு அவர் முதன்முதல் மருத்துவம் செய்த நோய்களுள் இம்முகவலியும் ஒன்று. பின்னர் 1968இல் கோபால்ட் 60 என்னும் ஓரிடத்தானின் காமாக் கதிர்களைப் பயன்படுத்தும் கருவி ஸ்டாக்ஹோமில் இயங்கத் தொடங்கியது. 'காமாக் கத்தி' என்பது அதன் பெயர். கத்தி ஏதும் அதில் இல்லை. இந்தியாவில் 1997இல் மும்பையிலும் டில்லியிலும் அக்கருவி வந்தது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் நேர்கோட்டு முடுக்கி என்னும் வேறொரு பொறியைக் கொண்டு இவ்வகை மருத்துவம் செய்கின்றனர்.

காமாக் கத்தி இயங்கும் முறை எளிது. தேர் வடத்தைத் தனி ஒருவர் இழுத்தால் தேர் அசையாது. ஊர் கூடி இழுத்தால் நகரும். அதுபோலவே தலையைச் சுற்றிலும் 201 இடங்களிலிருந்து (புதிய வகைக் கருவியில் 192) மெல்லிய கதிர்க்கற்றைகள் புறப்படுகின்றன. தனித்தனியே அவை வலிமை குன்றியவை. நரம்பின் வேரில், ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓரிடத்தில், அனைத்தும் கூடும்போதுதான் முழு வலிமை பிறக்கிறது. தலை அசையாதிருக்க, மரத்துப்போகும் ஊசி போட்டு நான்கு திருகாணிகளால் ஒரு சட்டத்தைப் பொருத்துவர். இம்மருத்துவத்தால் வலி உடனே நீங்குவதில்லை. சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். சிலருக்கு ஆண்டுகள் கழித்து வலி திரும்புவதும் உண்டு.

கண்ணுக்கு வரும் பங்கு

உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு கிரே. நரம்பு வேரின் நடுவில் 70 முதல் 90 கிரே வரை செலுத்துவர். நாம் 80 என்று கொள்வோம். அதனை 201 கற்றைகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒன்றுக்கு ஏறத்தாழ 0.4 கிரே. ஒரு கற்றை கண்ணின் வழியாக உள்ளே சென்றால், ஆழத்தில் உள்ள நரம்பைவிட மேற்புறத்தில் உள்ள கண் சற்றுக் கூடுதலாகவே பெறும். தசையும் எலும்பும் கற்றையைத் தளர்த்துவதற்கு முன்பே அது கண்ணைக் கடந்துவிடுகிறதன்றோ?

இந்த 0.4 சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் கண்ணின் வில்லை மிக மென்மையானது. அதற்கு இரத்தக் குழாய் இல்லை. பழுதுற்ற அணுக்களை வெளியேற்றவும் வழியில்லை. கதிரால் கெட்ட அணுக்கள் வில்லையின் பின்புறம் சென்று தங்கிக் காலப்போக்கில் ஒளியை மறைக்கும். அதுவே கண்புரை. ஒரே முறையில் 2 கிரேக்குக் குறைந்தால் புரை வராது என்று முன்பு கருதினர். அணுகுண்டுக்குத் தப்பியவர்களையும் பிறரையும் பல்லாண்டு ஆராய்ந்தபின், பன்னாட்டுக் கதிரியல் காப்புக் குழு 2011இல் அவ்வெல்லையை 0.5 கிரே என்று குறைத்தது. ஆகவே, கண்வில்லையை இரண்டு கற்றைகள் ஊடுருவினாலே எல்லை கடந்துவிடக்கூடும்.

கண்ணை மூடிக்கொண்டால் போதாதா எனின், போதாது. இக்கதிர்களில் பாதியைத் தடுக்கவே ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் ஈயம் வேண்டும், இமை எம்மாத்திரம்? எனவே, எந்தக் கற்றை கண் வழியாகச் செல்லும் என்று முன்னரே கணக்கிட்டு, அதன் துளையைக் கனத்த உலோக அடைப்பானால் மூடுவர். அல்லது தலையின் சாய்வை மாற்றுவர். அடைத்த கற்றைகளின் பங்கை மற்றவை ஈடுசெய்யச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவே.

உணர்விழந்த கண்

மற்றோர் இடரும் உண்டு. அது பலர் கேட்டறியாதது. நரம்பு வேரைக் கதிர் தாக்கியபின் சிலருக்கு முகம் மரத்துப்போகும். முதற்கிளையும் மரத்தால் கருவிழியின் மேற்படலம் உணர்விழக்கும். தூசி விழுந்தாலும் தெரியாது, இமைத்தல் குறையும், கண் உலரும், புண் தோன்றினாலும் வலிக்காது. கண்புரையை அறுவையால் நீக்கலாம். கவனியாது விட்ட கருவிழிப் புண் பார்வையையே மறைத்துவிடும். ஆகவே மருத்துவம் பெற்றவர் கண்ணில் சிவப்போ மங்கலோ கண்டால், வலியில்லையே என்று வாளா இருத்தல் கூடாது. வலியின்மையே இங்கு எச்சரிக்கை.

அச்சமும் அளவும்

பேராக்கில் வாழும் நமக்குக் கதிர் என்னும் சொல்லே கலக்கம் தருவது. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982இல் இயங்கத் தொடங்கிய அருமண் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து மக்கள் வழக்காடினர். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. 1994இல் ஆலை மூடப்பட்டது. அம்மக்களின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குதல் தகாது.

எனினும் இரண்டும் ஒன்றல்ல. தானே கதிர் உமிழும் பொருளின் தன்மை கதிரியக்கம்; அதிலிருந்து வெளிப்படுவது கதிர்வீச்சு. ஆலைக் கழிவில் கதிரியக்கப் பொருளே மண்ணோடு கலக்கக்கூடும். காமாக் கத்தியில் கோபால்ட் கருவிக்குள்ளேயே மூடிக்கிடக்கிறது. நோயாளியின் உடலில் ஒரு துகளும் சேர்வதில்லை. வீடு திரும்பியவர் அன்றே பேரக்குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சலாம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம்மவர் மொழி. அளவறிந்து குறிதவறாது செலுத்தினால் நஞ்சும் மருந்தாகும். ஆதலின் இம்மருத்துவத்தை நாடுவோர் அஞ்சி விலகவும் வேண்டா. கண்மூடி உடன்படவும் வேண்டா. 'என் கண்வில்லைக்கு எத்தனை கிரே சேரும்? கண் வழிச் செல்லும் கற்றைகளை அடைப்பீர்களா? பின்னர் என் கண் மரத்ததா என்று யார் சோதிப்பர்?' என்னும் மூன்று வினாக்களைக் கேட்கட்டும். பெற்றோருக்கும் முதியோருக்கும் இவற்றைத் தமிழில் எழுதிக் கொடுக்க நம் ஆசிரியர்களால் இயலும். மருத்துவமனை வாயிலில் மொழி தெரியாது தயங்கி நிற்பவர்க்கு அது பெருந்துணையாகும்.