மூங்கிலை ஏவிய காற்று

பங்குனி, சித்திரை மாத நண்பகலில் நம் பள்ளி மைதானத்தைக் கவனித்திருக்கிறீர்களா? வெயில் தகிக்கும். இலை அசையாது. திடீரென ஒரு மூலையில் புழுதி எழும்பிச் சுழலும். காய்ந்த சருகும் காகிதத் துண்டும் மேலே பறக்கும். "பேய்க்காத்து வருது, ஒதுங்கி நில்லு!" என்று பாட்டிமார் எச்சரிப்பார்கள். நாமோ அதற்குள் ஓடி நிற்கத்தான் ஆசைப்படுவோம். சில நொடிகளில் அது அடங்கிவிடும். கண்ணில் விழுந்த தூசி மட்டும் மிஞ்சும்.

இதைப் போலவே தூணாகச் சுழல்வது, ஆனால் இதைவிடப் பல மடங்கு கொடியது ஒன்று உண்டு. அதனை டொர்னாடோ என்பர். அமெரிக்காவில் மட்டுமே வருவது என்று பலர் எண்ணுகிறார்கள். அது உண்மையன்று. நம் நாட்டிலேயே அது ஆடிய கோரத் தாண்டவம் ஒன்றை இங்கே காண்போம்.

1838-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள். அன்று குருத்து ஞாயிறு. கல்கத்தா நகருக்குக் கிழக்கே சில மைல் தொலைவில், உப்பு ஏரிகளை ஒட்டிய மீனவர் குடியிருப்புகள் மீது பிற்பகலில் ஒரு சுழற்காற்று இறங்கியது. ஏறத்தாழ 16 மைல் நீளத்துக்கு ஊர்களை அழித்துக்கொண்டே சென்றது. பெரிய பெரிய ஆலங்கட்டிகளும் விழுந்தன. ஃபிளாயிட் என்பவர் அந்த இடங்களின் சேதத்தைப் பற்றி எழுதிய அறிக்கை அதே ஆண்டில் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. மாண்டவர் 215 பேர். காயமுற்றவர் 223 பேர். இறந்த கால்நடைகள் 533. அழிந்த மீனவர் குடிசைகள் 1,245.

ஆனால் உலகத்தார் அதிகம் பேசியது இந்த எண்களைப் பற்றியன்று. ஒரு மூங்கிலைப் பற்றியே! ஐந்தடி கனமுள்ள ஒரு சுவரை ஒரு மூங்கில் ஒரு புறமிருந்து மறுபுறம் வரை துளைத்துவிட்டதாம். அக்காலத்தவர் அதைப் பீரங்கிக் குண்டின் வேகத்தோடு ஒப்பிட்டு வியந்தனர். உள்ளீடற்ற ஒரு மூங்கில் சுவரைத் துளைப்பது எப்படி?

இதற்கு விடை தேடுமுன், மூன்று காற்றுகளை வேறு பிரித்து அறிய வேண்டும். முதலாவது நம் மைதானத்துப் புழுதிச் சுழல். இது தெளிந்த வானத்தில், சூடேறிய தரையிலிருந்து மேல்நோக்கி எழுவது. இரண்டாவது புயல். இது கடலில் பிறந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் பரவி, நாள் கணக்கில் நீடிப்பது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்னைகளையும் சாய்த்த கஜா இந்த வகை. மூன்றாவதுதான் டொர்னாடோ. இது இடிமேகத்தின் அடியிலிருந்து தரை வரை நீளும் காற்றுத் தூண். அகலம் பெரும்பாலும் சில பத்து மீட்டர் முதல் சில நூறு மீட்டர் வரை; ஆயுள் பெரும்பாலும் சில நிமிடங்கள். 1978 மார்ச் 17 அன்று டில்லியின் வடபகுதியைத் தாக்கிய டொர்னாடோ சுமார் மூன்று நிமிடமே நீடித்தது. அதற்குள் 28 உயிர்களைக் குடித்துவிட்டது.

புயலைக் குறிக்கும் 'சைக்குளோன்' என்னும் சொல்லும் கல்கத்தாவில் பிறந்ததே. அங்கு வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர், சுருண்டு கிடக்கும் பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உருவாக்கி, 1848-இல் மாலுமிகளுக்காக எழுதிய நூலில் வழங்கினார்.

இனி மூங்கிலுக்கு வருவோம். ஒரு பொருளின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் ஆற்றல் ஒன்பது மடங்காகும். 1999 மே 3 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் வீசிய டொர்னாடோவின் வேகம் மணிக்கு 480 கிலோமீட்டருக்கு மேல் என்று ராடாரால் அளந்தார்கள். அத்தகைய காற்றில் பறக்கும் கழி நுனி முன்னாக வந்து மோதினால், அதன் ஆற்றல் முழுவதும் ஓர் உள்ளங்கை அகலத்தில் இறங்கும். ஆணியின் கூர் முனை பலகையில் இறங்குவதும் இந்த விதிப்படிதான். டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் காற்றுப் பீரங்கியால் மரச்சட்டங்களைச் சுவர்களின் மீது ஏவிச் சோதித்திருக்கிறார்கள். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்திலேயே சாதாரணச் சுவர்கள் துளைபட்டன. கம்பி கட்டிய காங்கிரீட் சுவர் தாங்கியது.

அப்படியானால் மூங்கிலை வைத்து 1838-ஆம் ஆண்டின் காற்று வேகத்தைக் கணக்கிட்டுவிடலாமா? இயலாது. சுட்ட செங்கல் சுவர் வேறு. உள்ளே மண் நிரப்பிய சுவர் வேறு. சேதத்தைப் பார்த்து வேகத்தை மதிப்பிடுவதில் உள்ள சிக்கல் இதுவே. ஜப்பானில் பிறந்து சிகாகோவில் பணிபுரிந்த தெத்சுயா ஃபுஜிதா என்னும் அறிஞர், 1971-இல் டொர்னாடோக்களைச் சேத அளவுப்படி வகுக்கும் முறையை வெளியிட்டார். இளமையில் அவர் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின் அழிவைப் பார்வையிட்டவர். விழுந்து கிடக்கும் மரங்களின் திசையிலிருந்தே காற்றின் போக்கைப் படிக்கலாம் என்று அங்கே கற்றுக்கொண்டார்.

இன்னொரு புதிரையும் விளக்கியவர் அவரே. ஒரு வீடு தரைமட்டமாகியிருக்கும். அடுத்த வீட்டில் ஓடுகூடக் கலைந்திராது. இது எப்படி? பெரிய சுழலுக்குள் சிறு சிறு சுழல்கள் சுற்றி வருகின்றன என்று ஃபுஜிதா கண்டார். சிறு சுழலின் பாதையில் அகப்பட்ட வீடு நொறுங்கும். சில அடி தள்ளி நிற்பது தப்பும்.

மூன்றாவது புதிர், வீடு வெடிக்கிறதா என்பது. சுழலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால், வீட்டுக்குள் இருக்கும் காற்று சுவர்களை வெளியே தள்ளி வெடிக்கச் செய்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆகவே சன்னல்களைத் திறந்து வைக்கும்படி புத்தி சொன்னார்கள். அது தவறான புத்தி. காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்குகிறது. கூரை போனபின் சுவர்கள் சரிகின்றன. சன்னலைத் திறப்பது காற்றுக்கு வழிவிடுவதே ஆகும்.

எல்லாவற்றிலும் பெரிய புதிர் இன்னும் முழுமையாக அவிழவில்லை. வங்காளத்தில் மார்ச் முதல் மே வரை தரையோரம் கடலிலிருந்து ஈரக்காற்று வருகிறது. மேலே மேற்கிலிருந்து வறண்ட காற்று வேகமாக வீசுகிறது. உயரத்துக்கு உயரம் திசையும் வேகமும் மாறுவதால் காற்று உருளத் தொடங்குகிறது. இடிமேகத்தின் மேலேறும் காற்று அந்த உருளையை நிமிர்த்தி நிறுத்துகிறது. நம் தமிழ்நாட்டில் மேலே அத்தகைய வலிய காற்று கோடையில் இல்லாததால் டொர்னாடோ மிக அரிது. ஆயினும் சுழலும் இடிமேகங்களில் பெரும்பாலானவை டொர்னாடோவை ஈனுவதில்லை. இரட்டைப் பிள்ளைகள் போன்ற இரண்டு மேகங்களில் ஒன்று ஈனுகிறது, மற்றொன்று கலைந்துவிடுகிறது. ஏன்? 1994-95-இலும் 2009-10-இலும் அமெரிக்க அறிஞர்கள் ராடார் வண்டிகளோடு மேகங்களைத் துரத்திச் சென்றும் முடிவான விடை கிடைக்கவில்லை.

விடை கிடைத்தால் என்ன பயன்? 1989 ஏப்ரல் 26 அன்று வங்காளதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில், தௌலத்பூர், சாட்டூரியா ஊர்களை ஒரு டொர்னாடோ அழித்தது. சுமார் 1,300 பேர் இறந்தனர். வரலாற்றிலேயே மிகுதியான உயிர்ப்பலி கொண்ட டொர்னாடோ அதுவே. எந்த மேகம் ஈனும் என்று கால் மணி நேரம் முன்னதாக அறிந்து சொல்ல முடிந்தால், தாய் ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உறுதியான கட்டடத்துக்கு ஓடிவிட முடியும். அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் இத்தனை ஆராய்ச்சியும்.

1838-ஆம் ஆண்டின் மூங்கில் பல நாட்டுப் புத்தகங்களில் ஏறிவிட்டது. அன்று மாண்ட 215 பேரில் ஒருவர் பெயரையும் அப்புத்தகங்கள் சொல்வதில்லை. காற்று எல்லார் மீதும் ஒன்றுபோல் வீசுகிறது. ஆனால் விழுவது முதலில் குடிசைதான். கஜாவின் மறுநாள் நாமும் இதைக் கண்ணாரக் கண்டோம்.

எனவே தோழியரே, இடிமேகம் திரண்டு காற்று சீறும்போது மரத்தடியிலும் தகரக் கொட்டகையிலும் நிற்காதீர்கள். உறுதியான கட்டடத்தின் உள்ளறைக்குச் செல்லுங்கள். சன்னலருகே நிற்க வேண்டாம். பக்கத்துக் குடிசைக்காரரையும் உள்ளே அழையுங்கள்.

அடுத்த பங்குனியில் மைதானத்தில் புழுதி சுழலும்போது ஒரு வேலை செய்யுங்கள். அது வலமாகச் சுழல்கிறதா, இடமாகச் சுழல்கிறதா என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். நம் பக்கத்துப் புயல்கள் எப்போதும் இடமாகவே சுழலும். இந்தச் சின்னச் சுழல் இருபுறமும் சுழலும். ஏன் என்று ஆசிரியையிடம் கேளுங்கள். பெரும் புதிர்களை அவிழ்த்தவர்கள் எல்லாரும் இப்படி ஒரு கேள்வியில்தான் தொடங்கினார்கள்.