தென்கடல் தீவுகளின் திராட்சைத் தோட்டங்கள்

உலகப் படத்தை விரித்துப் பார்த்தால், ஆஸ்திரேலியாவுக்குத் தென்கிழக்கே சுமார் ஆயிரத்து இருநூறு மைல் கடலுக்கு அப்பால் இரண்டு தீவுகள் வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது தெரியும். அதுவே நியூஜீலந்து தேசம். ஆட்டு ரோமத்துக்கும் வெண்ணெய்க்கும் நெடுநாளாகப் பெயர் பெற்ற அந்நாடு, கடந்த ஐம்பது ஆண்டுகளுக்குள் திராட்சை மதுவினாலும் கீர்த்தி அடைந்திருக்கிறது. அண்மை ஆண்டுகளில் அது வெளிநாடுகளுக்கு அனுப்பும் மதுவின் விலை ஆண்டொன்றுக்கு இருநூறு கோடி நியூஜீலந்து டாலருக்கு மேல்.

மதுவின் பெருமையைப் பாடுவதற்காக நாம் இதை எழுதவில்லை. மதுவிலக்கே நம் குடும்பங்களுக்கு நலம் தருவது என்ற எண்ணத்தில் நமக்கு மாறுதல் இல்லை. ஆயினும் ஒரு கொடியின் கதையில் ஒரு தேசத்தின் கதையே அடங்கியிருக்கும்போது, அதை அறிந்துகொள்வதில் குற்றமில்லை அல்லவா?

கடலும் மலையும் சேர்ந்து செய்த வேலை

நியூஜீலந்தில் எந்த இடமும் கடலிலிருந்து எண்பது மைலுக்கு அதிகமான தூரத்தில் இல்லை. ஆகையால் பெரும்பகுதியில் கோடையும் கொடுமையாயில்லை. குளிரும் அளவுக்கு மிஞ்சுவதில்லை. மேற்கிலிருந்து ஓயாது வீசும் காற்று மழை மேகங்களைச் சுமந்து வருகிறது. தென் தீவின் நடுவே முதுகெலும்பு போல் நிற்கும் ஆல்ப்ஸ் மலைத் தொடர் அவற்றைத் தடுத்து நிறுத்தி, மேற்குக் கரையில் பெருமழையாகக் கொட்டச் செய்கிறது. மலைக்குக் கிழக்கே மழை குறைவு, வெயில் அதிகம். திராட்சைப் பிரதேசங்களில் பெரும்பாலானவை கிழக்குப் பக்கத்தில் அமைந்திருப்பதன் இரகசியம் இதுதான்.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே பருவங்கள் தலைகீழாக வருகின்றன. மாரிக் காலம் முழுதும் இலையுதிர்த்து உறங்கும் கொடி செப்டம்பரில் துளிர்க்கும். ஆண்டின் இறுதியை ஒட்டிப் பூக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் அறுவடை. உஷ்ண தேசங்களில் கனி விரைவில் பழுத்துச் சர்க்கரை ஏறிவிடும், புளிப்பு குன்றிவிடும். இங்கேயோ பகலில் வெயில் காய்ந்தாலும் இரவில் குளிர் இறங்குவதால் கனி நிதானமாகப் பழுக்கிறது. இனிப்பு ஏறும்போதே புளிப்பும் மணமும் குன்றாமல் நிற்கின்றன. குளிர்நாட்டு மதுவுக்கு உரிய தனிக் குணம் அதுவே.

கொடி நட்டவரும் உடன்படிக்கை எழுதியவரும்

1819-ஆம் ஆண்டில் ஸாமுவேல் மார்ஸ்டன் என்னும் கிறிஸ்தவப் பாதிரியார் வட தீவிலுள்ள கெரிகெரியில் முதல் திராட்சைக் கொடிகளை நட்டார். அவருக்குப் பின் பிரிட்டிஷ் சர்க்காரின் பிரதிநிதியாக 1833-இல் வந்து சேர்ந்த ஜேம்ஸ் பஸ்பி, வைதாங்கியில் தம் வீட்டருகே தோட்டம் போட்டு மதுவும் தயாரித்தார். 1840-இல் அங்கு வந்த பிரெஞ்சு மாலுமி தூமோன் த உர்வில் அதைச் சுவைத்துப் பாராட்டினார்.

அதே 1840-இல் அதே வைதாங்கியில் மாவோரித் தலைவர்களுக்கும் பிரிட்டிஷ் அரசிக்கும் இடையே ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதை வரைவதில் முக்கியப் பங்கு கொண்டவரும் பஸ்பிதான். ஆங்கில வாசகம் ஒன்று சொல்ல, மாவோரி வாசகம் வேறொன்று சொல்லிற்று. ஆங்கிலத்தில் அரசுரிமை முழுவதையும் கொடுத்துவிட்டதாக இருந்தது. மாவோரி மொழியிலோ, நிலங்களின்மீது தங்கள் தலைமை தங்களிடமே இருக்கும் என்று தலைவர்கள் கொள்ளும்படி இருந்தது. அந்த வேற்றுமையால் விளைந்த வழக்கு இன்றுவரை தொடர்கிறது.

வேர்ப்பேனும் ஒரு நிபுணரும்

1895-இல் ரோமியோ பிரகாடோ என்னும் திராட்சை நிபுணரைச் சர்க்கார் அழைத்தது. அவர் நாடு முழுதும் சுற்றிப் பார்த்து, இந்த மண்ணும் வெயிலும் உயர்ந்த திராட்சைக்கு ஏற்றவை என்று அறிக்கை எழுதினார். ஐரோப்பாவின் தோட்டங்களைப் பாழாக்கிய பைலாக்ஸெரா என்னும் வேர்ப்பேன் இங்கேயும் வந்துவிட்டதை எடுத்துக் காட்டியவரும் அவரே. அமெரிக்கக் கொடியின் வேரை இந்தப் பேனால் அழிக்க முடியாது. ஆதலால் அந்த வேரின்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டி நடவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

1902-இல் சர்க்காரின் திராட்சை அதிகாரியாகவே அவர் திரும்பி வந்து உழைத்தார். ஆனால் ஆதரவு குறைந்தது. மனம் நொந்து 1909-இல் நாட்டை விட்டே போய்விட்டார். விவசாயிகளில் பலர் ஒட்டுக் கட்டும் சிரமத்தை விடுத்து, நோய் தாங்கும் மட்டரகக் கலப்புக் கொடிகளை நட்டார்கள். அவர் காட்டிய வழிக்கு நாடு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

வோட்டுப் பெட்டியில் மதுவிலக்கு

பிரகாடோவின் யோசனை நிறைவேறாமற் போனதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் நியூஜீலந்து மதுவிலக்கை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தது. 1893-இல், உலகிலேயே முதன்முதலாகத் தேசியத் தேர்தலில் ஸ்திரீகளுக்கு வோட்டுரிமை தந்த தன்னாட்சி நாடு அது. அவ்வுரிமைக்காகப் போராடிய கேட் ஷெப்பர்டு அம்மையாரும் அவர் தோழிகளும் மதுவிலக்குச் சங்கத்திலிருந்து வந்தவர்களே. குடியால் சீரழியும் குடும்பத்தைக் காப்பாற்ற வோட்டுச் சீட்டு வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

1911-இல் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேருக்கு மேல் மதுவிலக்குக்கு வோட்டளித்தனர். ஆனால் சட்டப்படி அறுபது தேவைப்பட்டதால் அது தோற்றது. பிறகு பெரும்பான்மையே போதும் என்று விதி மாறி, 1919 ஏப்ரலில் தனி வாக்கெடுப்பு நடந்தது. உள்நாட்டு வோட்டுகளை எண்ணியபோது மதுவிலக்கே முன்னணியில் நின்றது. வெளிநாடுகளில் இருந்த சுமார் நாற்பதினாயிரம் போர் வீரர்களின் வோட்டுகள் பின்னால் வந்து சேர்ந்தன. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு மதுவிலக்குக்கு எதிராக இருந்தன. முடிவு மாறிவிட்டது! அந்தச் சீட்டுகள் வேறுவிதமாக விழுந்திருந்தால், நாம் இன்று எழுதும் தோட்டங்களில் பல இருந்திரா.

வைராவ் பள்ளத்தாக்கு

அக்காலத்தில் கொடியை விடாமல் வளர்த்து வந்தவர்களில் டால்மேஷியாவிலிருந்து குடியேறிய ஏழைகள் முக்கியமானவர்கள். ஆஸ்திரிய ஏகாதிபத்தியத்தின் கீழிருந்த தம் கடற்கரையை விட்டு, கௌரி மரப் பிசினைப் பூமியிலிருந்து தோண்டி எடுக்கும் கூலிகளாக இவர்கள் வந்தனர். பின்பு ஆக்லாந்துக்கு அருகே சிறு தோட்டங்கள் போட்டனர். முதல் உலக யுத்தத்தின்போது, ஆஸ்திரியாவை வெறுத்த இவர்களையே ஆஸ்திரியப் பிரஜைகள் என்று சொல்லிச் சந்தேகத்துடன் நடத்தினார்கள்.

இவ்வகுப்பில் பிறந்த பிராங்க் யூகிச் என்பவர், 1973-இல் தென் தீவின் வடகிழக்கு மூலையிலுள்ள மார்ல்பரோவில், தம் நிறுவனத்துக்காக ஆட்டு மேய்ச்சல் நிலங்களை வாங்கித் திராட்சை நட்டார். ‘அவ்வளவு குளிரில் திராட்சை விளையுமா?’ என்று பலர் நகைத்தனர். 1975-இல் ‘ஸோவின்யோன் பிளான்’ என்னும் பச்சைத் திராட்சை அங்கே நடப்பட்டது. 1979-இல் அதிலிருந்து முதல் மது கிடைத்தது. நறுக்கிய பசும்புல்லும் குடைமிளகாயும் கொடித்தோடைப் பழமும் கலந்தாற்போன்ற அதன் மணம் ஐரோப்பிய ரசிகர்களையும் வியக்க வைத்தது. இன்று நாட்டின் திராட்சை நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு மார்ல்பரோவில்தான் இருக்கிறது.

இத்தோட்டங்களின் நடுவே ஓடுவது வைராவ் ஆறு. அப்பள்ளத்தாக்குக்குப் பழைய துயரம் ஒன்றுண்டு. 1843-இல், தாங்கள் விற்காத நிலத்தை வெள்ளையர் கம்பெனி அளக்கத் தொடங்கியதை மாவோரிகள் தடுத்தனர். மூண்ட சண்டையில் இருபத்திரண்டு ஐரோப்பியரும், மாவோரிகளில் நான்கு பேராவதும் மாண்டனர். குற்றம் குடியேறியவர்கள் மேலேதான் என்று கவர்னர் பிட்ஸ்ராயே தீர்ப்புக் கூறினார். ஆனாலும் நான்கு ஆண்டுகளில் அந்நிலம் சர்க்கார் வசமாயிற்று. 2014-இல்தான் அப்பகுதி மாவோரி இனத்தாரின் உரிமைக் கோரிக்கைகளுக்குச் சட்டப்படி பரிகாரம் காணப்பட்டது. அரசு மன்னிப்பும் கேட்டது. இதற்கிடையே, 1998-இல் மாவோரி மக்களுக்கே சொந்தமான மது நிறுவனம் ஒன்று மார்ல்பரோவில் தோன்றியதும் குறிப்பிடத்தக்கது.

உறைபனியோடு போர்

குளிர்நாட்டு விவசாயிக்கு உறக்கம் கெடுவது வசந்த காலத்தில். மேகமற்ற இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடும். கனத்த குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும். காலையில் பார்த்தால் இளந்துளிர்கள் கருகியிருக்கும். ஆண்டு விளைச்சலே போய்விடும். ஆனால் சில பத்தடி உயரத்தில் சற்றே வெதுவெதுப்பான காற்றுப் படலம் ஒன்று மிதந்துகொண்டிருக்கும். அதைக் கீழே தள்ளுவதற்காகத் தோட்டத்தில் இராட்சத விசிறிகளை நிறுத்துகிறார்கள். அவசரமானால் ஹெலிகாப்டர்களையே கொடிகளுக்கு மேலாக இரவெல்லாம் பறக்க விடுகிறார்கள். கொடிகள்மீது தண்ணீர் தெளிப்பதும் உண்டு. நீர் பனிக்கட்டியாக மாறும்போது வெளிவிடும் சூடு துளிரைக் காக்கிறது. பனியைக் கொண்டே பனியை வெல்லும் தந்திரம் இது!

கூழாங்கல்லும் பொன்வயலும்

வட தீவின் ஹாக்ஸ் பே பகுதியில் 1867-இல் வந்த வெள்ளம் நாருரோரோ ஆற்றின் போக்கையே மாற்றிவிட்டது. பழைய ஆற்றுப்படுகை வெறும் கூழாங்கற் பரப்பாகக் கிடந்தது. ஆடு மேய்க்கவும் உதவாத நிலம் என்று அங்கே கல் தோண்டினார்கள், குப்பை கொட்டினார்கள். 1980-களில் திராட்சை நட்டபிறகுதான் அதன் மதிப்புத் தெரிந்தது. பகலில் சூடேறும் கற்கள் இரவிலும் வெப்பத்தைத் தருவதால் மெர்லோ, ஸிரா போன்ற கருந்திராட்சைகள் அங்கே நன்கு பழுக்கின்றன. கல் உடைக்க வந்த கம்பெனியோடு வழக்காடியே அந்நிலத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

தெற்கே, மத்திய ஒடாகோவில் 1860-களில் தங்கம் தேடி ஜனங்கள் குவிந்தனர். அவர்களிடையே பெரோ என்னும் பிரெஞ்சுக்காரர் திராட்சையும் நட்டார். தங்கம் தீர்ந்தது, தோட்டமும் மறைந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் மறுபடியும் முயன்று, 1987-இல் முதல் மதுவை விற்பனைக்குக் கொண்டு வந்தனர். உலகின் மிகத் தென்கோடித் திராட்சைப் பிரதேசங்களில் ஒன்றான அங்கே, ‘பினோ நுவார்’ என்னும் மெல்லிய தோலுடைய கருந்திராட்சை செழிக்கிறது.

2023 பிப்ரவரியில் கப்ரியேல் என்ற புயல் ஹாக்ஸ் பேயையும் கிஸ்பர்னையும் தாக்கியது. பழுத்த குலைகள் தொங்கிய தோட்டங்கள் பல வண்டலில் புதைந்தன. ஒரு வெள்ளம் அளித்த நிலத்தைக் கொண்டாடும் ஊருக்கு, மற்றொரு வெள்ளம் இவ்வாறு வந்தது. அப்பொழுதும் ஜனங்கள் மண்வெட்டியுடன் இறங்கி வரிசை வரிசையாகச் சேற்றை அகற்றினார்கள். பயனற்றது என்று பிறர் கைவிட்ட நிலத்தைப் பொறுமையோடு பண்படுத்துவதும், அந்நிலம் முன்பு யாருடையது என்பதை மறவாமல் நியாயம் செய்வதும் சுதந்திர நாடுகள் யாவும் கற்கவேண்டிய பாடங்கள். அந்தக் கொடியின் ரசத்தை நாம் அருந்தாவிட்டாலும், அதன் வரலாற்றை நம் குழந்தைகளுக்குச் சொல்லலாம்.