விசா கிடைச்சா வேலை கிடைச்ச மாதிரியா?

ஹாஸ்டல் ரூமில் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு கிரிக்கெட்டில் ஆரம்பித்தாலும் கேம்பஸ் இன்டர்வியூவில் ஆரம்பித்தாலும் முடிகிற இடம் ஒன்றுதான். “பேசாம கனடா போயிடலாம் மச்சான்... லைஃப் செட்டில்!” மறுநாளே ஒருவன் கையில் ஃபைலோடு கன்சல்டன்சி வாசலில் நிற்கிறான். அதற்குள் அம்மா, ‘பையன் ஃபாரின் போறான்’ என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்திருப்பார்.

போகலாம், தாராளமாகப் போகலாம். டொரோன்டோ பக்கத்தில் ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளே உங்களை வரவேற்கும். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து போன தமிழர்கள் உழைத்து உருவாக்கிய இடங்கள் அவை. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக 2016-ல் கனடா நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டது.

ஆனால் பாஸ், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இப்பவே மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். பி.ஆர். என்பது அங்கே தங்கவும் வேலை தேடவும் கிடைக்கும் அனுமதி. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் அல்ல! குடியேறுவது ஒரு பரீட்சை, வேலை வாங்குவது இன்னொரு பரீட்சை. முதல் பரீட்சையில் எத்தனை பாயின்ட் எடுத்தீர்கள் என்று இரண்டாவது பரீட்சையில் யாரும் கேட்கப் போவதில்லை. இரண்டுக்கும் சேர்த்து இங்கேயே தயாராவது எப்படி? பார்ப்போம்.

கதவு எவ்வளவு திறந்திருக்கு?

2025-ல் 5 லட்சம் பேரை நிரந்தரமாகக் குடியேற்றுவோம் என்று ஒரு காலத்தில் சொன்ன கனடா, 2024 அக்டோபரில் அந்த இலக்கை 3,95,000-ஆகக் குறைத்தது. 2026 முதல் 2028 வரை ஆண்டுக்கு 3,80,000 என்பது அதற்குப் பிறகு வந்த திட்டம். கதவு மூடவில்லை, ஆனால் கொஞ்சம் ஒருக்களித்து வைத்திருக்கிறார்கள். அண்ணன் காலத்தில் எடுபட்ட கணக்கு தம்பிக்கு எடுபடாது.

2015-ல் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் மொத்தம் 1,200 பாயின்ட். வயது, படிப்பு, மொழி, அனுபவம் எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு. வயதுக்கான முழு மார்க் 20 முதல் 29 வரைதான். ‘அப்போ ஃபைனல் இயர் முடிச்ச கையோட கிளம்பிடலாமா?’ என்றால், முடியாது. ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் குறைந்தது ஒரு வருடமாவது திறன் சார்ந்த வேலையில் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். ஆக, கனடா போக முதல் படி சென்னையிலோ கோவையிலோ ஒரு உருப்படியான வேலை!

நம் கையில் இருக்கும் துருப்புச்சீட்டு மொழி. ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரல் பரீட்சையில் ‘ஓவரால் ஏழரை வாங்கிட்டேன்’ என்று துள்ளாதீர்கள். அங்கே ஓவரால் பார்ப்பதில்லை, ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். லிசனிங்கில் 8, மற்ற மூன்றிலும் 7 வந்தால் பாயின்ட் சட்டென்று மேலே போகும். ஒன்றில் அரை மார்க் குறைந்தாலும் அந்தப் படியை எட்ட முடியாது. பிரெஞ்சு தெரிந்தவர்கள், மருத்துவப் பணியாளர்கள், கைத்தொழில் தெரிந்தவர்கள் எனத் தனித்தனியாக அழைக்கும் முறையும் 2023-ல் வந்துவிட்டது. காலேஜில் மார்க்குக்காக எடுத்த பிரெஞ்சைப் பாதியில் விட்டவர்கள் கொஞ்சம் யோசிக்கவும்!

இன்ஷியல் பிரச்னை

நம்ம ஊருக்கே உரிய தலைவலி இது. மார்க் ஷீட்டில் ‘எஸ்.கார்த்திக்’, ஆதாரில் ‘கார்த்திக் எஸ்’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் சுப்பிரமணியன்’. மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், ஒட்டாவாவில் உட்கார்ந்திருக்கும் ஆபீஸருக்குத் தெரியுமா? பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருந்தால், உங்கள் முழுப் பெயரும் அங்கே சர்நேம் ஆகிவிடும். முதல் பெயர் இல்லாத மனிதராக பேங்க்கில் போய் நிற்பீர்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போதே, புதுப்பிக்கும்போதே இதைச் சரிசெய்துவிடுங்கள்.

அடுத்தது சர்டிபிகேட். ப்ரொவிஷனலை வைத்தே காலம் தள்ளாமல் கான்வகேஷன் டிகிரியை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் பட்டம் அங்கத்திய பட்டத்துக்குச் சமமா என்று மதிப்பிடும் அமைப்புகளுக்கு, யுனிவர்சிட்டியிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் போக வேண்டும். அதற்கு அலைவதற்குள் செருப்பு தேயும். அந்த மதிப்பீட்டுக்கு 5 வருடம் ஆயுள், ஐ.இ.எல்.டி.எஸ். மார்க்குக்கு 2 வருடம்தான். எதை முதலில் எடுப்பது என்று இப்போது புரிந்திருக்குமே?

மூன்றாவது, அனுபவக் கடிதம். ‘இவர் இங்கே வேலை பார்த்தார், நல்ல பையன்’ என்ற இரண்டு வரி பத்தாது. பதவி, செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம்... எல்லாம் கம்பெனி லெட்டர்ஹெட்டில் வேண்டும். வேலையை விட்டு மூன்று வருடம் கழித்துப் போய்க் கேட்டால், அந்த மேனேஜரே அங்கே இருக்க மாட்டார். விடும்போதே கேட்டு வாங்குங்கள். சம்பளத்தைக் கையில் வாங்காமல் பேங்க்கில் வாங்குங்கள்.

பணம்... அப்பாவிடம் பேச வேண்டிய கணக்கு

2025-ல் அறிவித்தபடி ஸ்கில்டு வொர்க்கராகப் போகும் தனி ஆள் காட்ட வேண்டிய தொகை 15,263 கனடியன் டாலர். நாலு பேர் குடும்பம் என்றால் 28,362. டாலர் 60 ரூபாய் என்று குறைத்து வைத்தாலே, ஒன்பது லட்சத்துக்கு மேலும் பதினேழு லட்சமும் ஆகிறது. வருடா வருடம் இது மாறும். முக்கியமான விஷயம், இது கடன் வாங்கிய பணமாக இருக்கக் கூடாது. மாமாவிடம் ஒரு வாரம் கைமாற்று வாங்கி அக்கவுன்டில் போட்டு எடுக்கிற வேலை எல்லாம் நடக்காது. கடந்த ஆறு மாதத்தின் சராசரி இருப்பையும் பார்ப்பார்கள்.

ஸ்டூடன்ட் விசாவில் போகிறவர்கள் கவனத்துக்கு: ஃபீஸ் போக, தனி ஆளின் வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் காட்ட வேண்டிய தொகை பல வருடங்களாக 10,000 டாலராக இருந்தது. 2024-ல் 20,635 ஆகி, 2025 செப்டம்பரில் 22,895-ஐத் தொட்டது. பாடம் நடக்கும் மாதங்களில் வெளியே வேலை செய்ய வாரம் 24 மணி நேரம்தான் அனுமதி. ‘பார்ட் டைம் பார்த்தே ஃபீஸ் கட்டிடலாம்’ என்று சொல்கிறவரிடம் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்து, கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நாமும் ஒரு கணக்குப் போடுவோம். 2025 அக்டோபரில் ஒன்டாரியோ மாகாணம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டாலர். வாரம் 40 மணி நேரம், நாலு வாரம் உழைத்தால் 2,816 டாலர், அதுவும் வரி பிடிக்கும் முன். டொரோன்டோவில் ஒற்றை பெட்ரூம் வீட்டு வாடகையே 2,000 டாலரைத் தாண்டும். வீடு பிடிக்கும்போது முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையையும் முன்கூட்டியே கேட்பார்கள். அதனால்தான் புதிதாகப் போகிறவர்கள் பேஸ்மென்ட்டில் ரூமைப் பகிர்ந்துகொள்கிறார்கள். நிலத்தை அடகு வைத்து அனுப்பும் அப்பாவுக்கு, முதல் மாதமே பணம் அனுப்புவேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

உங்க படிப்புக்கு லைசென்ஸ் வேணுமா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். குடியேற்றத்துக்காகப் பட்டத்தை மதிப்பிட்டது வேறு, அந்தத் தொழிலைச் செய்ய லைசென்ஸ் வாங்குவது வேறு. டாக்டர், நர்ஸ், ஃபார்மசிஸ்ட், டீச்சர், வக்கீல் எல்லாம் மாகாண அமைப்பிடம் உரிமம் பெற்ற பிறகே வேலை செய்ய முடியும். நர்ஸ்களுக்கு என்க்ளெக்ஸ் பரீட்சை. டாக்டர்களுக்குப் பரீட்சையைவிடக் கடினம், அதற்குப் பிறகு ரெசிடென்சி இடம் கிடைப்பது. எலெக்ட்ரீஷியன் வேலைக்கும் பல மாகாணங்களில் சான்றிதழ் கட்டாயம். உரிமம் இல்லாமல் ‘இன்ஜினீயர்’ என்று விசிட்டிங் கார்டு அடிப்பதுகூட ஒன்டாரியோவில் தப்பு. கனடா அனுபவம் ஒரு வருடம் இருந்தால்தான் அந்த உரிமம் என்ற நிபந்தனையை 2023-ல் எடுத்துவிட்டார்கள் என்பது இன்ஜினீயர்களுக்கு நல்ல செய்தி. இந்தப் பரீட்சை, பேப்பர் வேலைகளில் பாதியை இங்கே இருந்தபடியே தொடங்கிவிடலாம். அங்கே போய் வாடகை கட்டிக்கொண்டு ஏன் காத்திருக்க வேண்டும்?

ரெஸ்யூமேவில் அப்பா பேர் வேண்டாம்!

நம்ம ஊர் பயோடேட்டாவில் அப்பா பெயர், பிறந்த தேதி, திருமணம் ஆனவரா, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கடைசியில் ‘மேலே கூறியவை அனைத்தும் உண்மை’ என்ற உறுதிமொழி... அங்கே இதில் எதுவுமே வேண்டாம். இரண்டு பக்கம் போதும். ‘டீமில் இருந்தேன்’ என்று எழுதாமல், நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது என்று எண்ணோடு எழுதுங்கள். ஒரே ரெஸ்யூமேவை இருநூறு கம்பெனிக்குத் தட்டிவிடுவதைவிட, அந்தந்த வேலைக்கு ஏற்றபடி மாற்றி இருபது கம்பெனிக்கு அனுப்புவது மேல்.

‘கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?’ என்ற கேள்விதான் புதிதாக வந்தவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும். வேலை இல்லாமல் அனுபவம் எப்படி, அனுபவம் இல்லாமல் வேலை எப்படி? ஒன்டாரியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், விளம்பரத்தில் இப்படிக் கேட்பதற்கு 2026 ஜனவரி 1 முதல் சட்டமே தடை போட்டிருக்கிறது. விளம்பரத்தில் எழுதக் கூடாது என்று சட்டம் போடலாம், மனசுக்குள் நினைக்கக் கூடாது என்று போட முடியுமா? அதற்கு மருந்து, மனிதர்கள். உங்கள் துறையில் அங்கே இருக்கும் சீனியர்களை இப்போதே தேடிப் பிடியுங்கள். எடுத்த எடுப்பில் ‘அண்ணா, ஒரு வேலை வாங்கிக் குடுங்க’ என்று கேட்டால் அடுத்த மெயிலுக்குப் பதில் வராது. ‘உங்க வேலையில தினமும் என்ன செய்றீங்க? நான் என்ன கத்துக்கணும்?’ என்று இருபது நிமிடம் கேளுங்கள். அங்கே காபி குடித்தபடி இப்படிப் பேசுவது சாதாரண வழக்கம். பி.ஆர். உறுதியானவர்களுக்குக் கிளம்பும் முன்பே, கனடா அரசின் செலவில் இலவச வழிகாட்டலும் உண்டு. பலர் அதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

கையில் பணம் கரையும்போது கோடவுன், காபி கடை, செக்யூரிட்டி என்று கிடைத்த வேலையைச் செய்ய வேண்டி வரலாம். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்தால் மறுபடி ஷிஃப்ட். இப்படியே இரண்டு வருடம் ஓடினால், படித்த படிப்பு துருப்பிடித்துவிடும். வாரத்தில் ஒரு நாளாவது சொந்தத் துறைக்கான தேடலுக்கு என்று ஒதுக்கி, அதை எந்த ஓவர்டைமுக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உஷார் பாஸ்!

* ‘ஜாப் ஆஃபர் லெட்டர் வாங்கித் தர்றேன், பாயின்ட் ஏறும்’ என்பது பழைய பாட்டு. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அந்தப் பாயின்ட்டை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். வேலைக் கடிதத்தைக் காசுக்கு விற்பது அங்கே குற்றம்.

* கனடா குடியேற்ற ஆலோசனைக்குக் காசு வாங்க அங்கே உரிமம் பெற்ற ஆலோசகருக்கும் வக்கீலுக்கும்தான் உரிமை. உரிம எண்ணைக் கேட்டு, நீங்களே இணையத்தில் சரிபாருங்கள்.

* எந்த நாடானாலும் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் இந்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். இ-மைகிரேட் தளத்தில் தேடிப் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான்.

* போலி அனுபவம், போலி அட்மிஷன் கடிதம் பிடிபட்டால் 5 வருடத்துக்குக் கதவு சாத்தப்படும். 2023-ல் போலி அட்மிஷன் கடிதத்தால் நாடு கடத்தும் நோட்டீஸ் வாங்கிய இந்திய மாணவர்களில் சிலர், ஏஜென்ட் செய்தது தங்களுக்கே தெரியாது என்றார்கள். விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு வரியையும் நீங்களே படியுங்கள். கையெழுத்து உங்களுடையது!

கிளம்பும் முன் உங்களையே நாலு கேள்வி கேளுங்கள். ஆறு மாதம் வேலை இல்லாமல் தாங்குமளவு பணம் இருக்கா? என் தொழிலுக்கு லைசென்ஸ் வேணுமா? என் துறையில் அங்கே எனக்கு மூணு பேரையாவது தெரியுமா? ஒருவேளை சரிவரலைன்னா, திரும்பி வந்து நிமிர்ந்து நிற்க எனக்கு ஒரு வழி இருக்கா? நாலுக்கும் பதில் இருந்தால் தைரியமாக டிக்கெட் போடுங்கள். இல்லையா? கனடா எங்கேயும் ஓடிவிடாது. ஒரு வருஷம் கழிச்சு, இன்னும் கெட்டியா தயாராகிக் கிளம்புங்க!